இன்னும் எவ்வளவு தூரமுங்க

ஒன்பது வயதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அத்தை புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டபோது, எப்படி இருந்ததோ அப்படியே சொன்னேன். அத்தை ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், நீங்கள் போனால்தான் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள் என்று தெரிவித்தேன். அம்மா அன்று அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் அப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவர் மைக்ரோமீட்டரைத் திருகி அளப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைமுடி அகலத்துக்குக் குறைந்தாலும் அந்த இரும்பைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார். "ஏறக்குறையன்னு ஒன்னு கெடையாது கண்ணு. ஒன்னு செரி, இல்லீன்னா தப்பு" என்பார். அதை நான் வேதம்போலப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மாமா காந்திபுரத்தில் ஒரு எலெக்ட்ரானிக் வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தார். என் கைக்கு அது வளையலைவிடத் தளர்வாக இருந்தது. கோட்டைமேட்டில் பாய் ஒருவர் கடையில் வாரில் இன்னும் மூன்று ஓட்டை போட்டு வாங்கி வந்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் நேரம் பார்க்கப்படாமல் நடக்கவில்லை. அம்மா தோசை வார்ப்பதையும் நான் விநாடிக் கணக்கில் சொன்னேன்.

அப்பா ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் வெள்ளியங்கிரி மலை ஏறுவார். ஏழு மலை. பெண்களில் பத்து வயதுக்குள் இருக்கிறவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்களுந்தான் ஏறுவது வழக்கம். நடுவில் இருக்கிற நாற்பது வருஷத்துக்கு மலையைக் கீழே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவைச் சின்ன வயதில் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. "வர்ற ஆடி வந்தா இவளுக்குப் பத்து முடியுதுங்க. இந்தத் தடவை கூட்டிட்டுப் போயிருங்க" என்று அப்பாவை நச்சரித்து என்னை அனுப்பி வைத்தவள் அவள்தான்.

முதல்நாள் மாலை பஸ்ஸில் மலையடிவாரத்துப் பூண்டிக்குப் போய்க் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டோம். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு விடியற்காலை நாலரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். அப்பா கையில் அவருடைய பழைய மூங்கில் தடி, என் கையில் என் உயரத்துக்கு ஒரு புதுத் தடி.

முதல் மலை முழுக்கக் கல்படி. என் முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு படியும் இருந்தது. வானம் வெளுக்கிற நேரத்துக்கு எனக்கு மூச்சு முட்டியது. மேலேயிருந்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார். அவரிடம், "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டேன்.

"பக்கந்தான் அம்மணி. அந்தத் திருப்பம் தாண்டுனா ஆச்சு."

வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேன். திருப்பம் தாண்டி இன்னும் நாற்பது நிமிஷம் ஏறினோம். அப்போது வந்ததும் முதல் மலையின் முடிவுதான். அதற்கடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். வயதானவர், வாலிபர், தோளில் பையனை உட்காரவைத்து இறங்கியவர், எல்லோரும் கொஞ்சம் நின்று, முகம் மலர்ந்து, வந்தாச்சு, பக்கந்தான் என்றார்கள். மூன்றாவது மலை முடிவதற்குள் பதினோரு பேர். பதினோரு பேர் சொன்னதும் பொய்.

"ஏனுங்கப்பா, இந்த மலையில எல்லாரும் பொய் சொல்றாங்க."

அப்பா தடியை ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

கைதட்டிச் சுனையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது இன்னொரு சந்தேகத்தைக் கேட்டேன். இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்காக எல்லோரும் ஏறுகிறார்கள். நீயே கேட்டுப் பார் என்றார் அப்பா. கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளையா நான். பக்கத்தில் இருந்தவர் வேண்டுதல் என்றார். கல்லூரிப் பையன் ஒருவன், போன வருஷம் ஐந்தாவது மலையோடு திரும்பிவிட்டதாகவும் நண்பர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவதாகவும் சொன்னான். தடித்த ஒருவர் மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஊட்ல இருந்தா என்னென்னமோ நெனப்பு வருது பாப்பா. இங்க மூச்சு வாங்கறதுலயே பொழுது போயிருது" என்றார். மூன்று பதில்களில் எதிலும் எனக்குத் திருப்தி இல்லை. மேலே போனால் ஏதோ இருக்க வேண்டும், அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஏழாவது மலை செங்குத்து. கையை ஊன்றி ஏறினேன். உச்சியில் மூன்று பெரிய பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. அவற்றுக்கு நடுவில் சின்னதாக லிங்கம். காற்று என்னைத் தள்ளிவிடும்போல இருந்ததால் அப்பா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. ஆறு நிமிஷம். பட்டறையில் ஒரு நிமிஷம் சும்மா நிற்காத மனிதர். என்ன கேட்டார் என்று நான் கேட்டதற்கு, "ஒன்னும் கேக்கலயே" என்றார்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. ஆறாவது மலையில் நாலைந்து பையன்கள் நாக்குத் தள்ள ஏறி வந்தார்கள். ஒருவன் அப்பாவைப் பார்த்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அப்பா நின்றார். முகம் மலர்ந்தது.

"பக்கந்தான் கண்ணு. அந்தத் திருப்பம் தாண்டுனா ஆச்சு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. தலைமுடி அகலத்துக்கு இரும்பைத் தூக்கி எறிகிற அப்பா. அவர்கள் போன பிறகு, "ஏனுங்கப்பா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஏறிட்டு இருக்கறவங்ககிட்ட அப்படித்தான் சொல்லோணும்" என்றார் சாதாரணமாக. அதற்கப்புறம் ஒரு மலை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அடுத்து யாராவது கேட்டால் நான்தான் பதில் சொல்வேன், சரியாகச் சொல்வேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே நடந்தேன். எந்த மலைக்கு எத்தனை நிமிஷம் என்பது எனக்கு மனப்பாடமாக இருந்தது.

நாலாவது மலையில் தார்ப்பாய் கட்டி ஒருவர் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்தார். அங்கே கூட்டம். அப்பா காப்பி வாங்க நின்றார். நான் கொஞ்சம் முன்னால் போய் ஒரு பாறையில் உட்காரப் பார்த்தேன். அங்கே ஏற்கனவே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவர் பாட்டியாகத்தான் தெரிந்தார். காலை நீட்டி, பாதத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பாதத்தில் இரண்டு இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மடியில் ஒரு மூங்கில் தடி, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆனது. அவர் உயரத்துக்கு அது மிகவும் நீளம். கூட வந்த ஊர்க்காரர்கள் முன்னால் போய் மேலே ஆண்டிச் சுனையில் காத்திருப்பதாகச் சொன்னார்களாம். சென்னிமலைப் பக்கம் ஊர். வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி உண்டு, அதனால் அவரைப் பூண்டிக் கோயிலிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார். இதெல்லாம் நான் கேட்காமலே சொன்னார்.

"இது எம் பையன் தடிங்க சாமி. ஒம்பது வருஷம் ஏறுனான். உனக்கு அம்பது ஆவட்டும்மா, நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருப்பான். இந்தத் தையிலதான் அம்பது ஆச்சு. அவன் ஐப்பசியிலயே வண்டியில அடிபட்டுப் போயிட்டானுங்க."

இறந்துபோனவர்களைப் பற்றிச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தடியைப் பார்த்தேன்.

"இதைக் கொண்டுபோயி மேல வெச்சுப்போட்டு வந்தர்லாம்னு கெளம்பீட்டேன். பெரியவங்களைக் கேட்டா எல்லாரும் பக்கந்தான் பக்கந்தாங்கறாங்க. காலைல இருந்து அதையேதான் சொல்றாங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "நீ கொழந்தை. மேல போயிப் பாத்துட்டு வாரே. இந்த மலையில கொழந்தை வாயில வர்றது ஆண்டவன் சொல்றதுதான். நீ சொல்லு சாமி. இன்னும் எவ்வளவு தூரம்? நான் போய்ச் சேந்துருவனா?"

காலையிலிருந்து நான் காத்திருந்த கேள்வி அது. வாட்ச்சைப் பார்த்தேன். ஒன்றே கால்.

"இன்னும் மூணு மலை இருக்குதுங்க. நாங்க ஏறுறதுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஆச்சுங்க. உங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஆவுமுங்க. அதுக்குள்ள இருட்டீருமுங்க. ஏழாவது மலை நெம்பச் செங்குத்து. உங்களால முடியாதுங்க."

அவர் கண்ணிமைக்காமல் கேட்டார். பிறகு, "செரீங்க சாமி" என்றார். மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பாறையிலிருந்து மெல்ல எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இறங்குகிற பக்கம் திரும்பி நின்றார்.

அப்பா இரண்டு டம்ளர்களோடு வந்தார். நான் நடந்ததைப் பெருமையாக ஒப்பித்தேன். டம்ளர்களைப் பாறைமேல் வைத்துவிட்டு அப்பா அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார். அப்படி ஒரு பதற்றத்தை அவரிடம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஏனுங்கம்மா, அது சின்னப்புள்ளைங்க. அதுக்கு என்ன தெரியுமுங்க. பாதிக்கு மேல ஏறிப்போட்டீங்க. இருட்டினா என்னங்க, ராத்திரியில லைட்டு அடிச்சுட்டு எத்தனையோ பேரு ஏறுவாங்க. உங்க ஊர்க்காரங்க சுனையில இருக்காங்கல்லங்க. நான் அதுவரைக்கும் கூட வாரேன். வாங்க."

"இல்லீங்க தம்பி. புள்ளை வாயில வந்துபோச்சு."

"அது எதையோ சொல்லுமுங்க."

"கேட்டது நானுங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டான். இனி மீறி ஏறுனா நல்லா இருக்காது."

அப்பா இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே, தடியை ஊன்றி முதல் அடியைக் கீழே வைத்துவிட்டார். சுக்குக் காப்பியை யாரும் குடிக்கவில்லை.

அன்று நான் சொன்னதில் நேரம் சரி. மலைக்கணக்கு சரி. "உங்களால முடியாதுங்க" என்பதை மட்டும் நான் எதை வைத்தும் அளக்கவில்லை. அது என் வாயில் சும்மா வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ முப்பது வருஷம் ஆயிற்று. இப்போதும் எங்காவது படியேறும்போது அந்த அம்மாவின் சில்லென்ற கை நினைவுக்கு வந்து நின்றுவிடுகிறேன். ஐம்பது ஆக எனக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது.

ஏறிப் போகிற ஒருவரிடம் ஆண்டிச் சுனையில் காத்திருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார் அப்பா. நாங்கள் அவரோடுதான் இறங்கினோம், அந்த அம்மாவோடு. நாலேமுக்கால் மணி நேரம். படிகளில் அவர் ஒரு கையைத் தடியிலும் ஒரு கையை என் தோளிலும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் அந்தக் கனம் என் தோளில் இறங்கி ஏறியது. நடுநடுவே என் தலையைத் தடவி, "நல்லவேளை சொன்னீங்க சாமி" என்றார். எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அப்பா இரண்டு படி முன்னால், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். ஏறி வந்தவர்களில் மூன்று பேர் அவரிடம் தூரம் கேட்டார்கள். மூன்று பேருக்கும் பக்கந்தான் என்றே சொன்னார். ஆனால் ஆறாவது மலையில் பார்த்த முகம் அப்போது இல்லை.

அடிவாரத்துக்கு வரும்போது ஆறு மணி. கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்று சொல்லாமலே தெரிந்தது. காலையிலிருந்து வழியையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்போல, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேனுங்க" என்றார் அந்த அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. வலித்தது. அண்ணாந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரியவரின் பார்வை தடிக்குப் போனது. "அதை வெச்சுட்டு வரலியா?"

"வெச்சுட்டு வர மனசு வரலீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தடியை அந்த அம்மாவின் கையிலிருந்து வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவிப் பார்த்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"அவன் சொன்ன மாதிரியேதானுங்க இருந்துச்சு."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார், அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா அவரைவிடக் கீழே குனிந்து கும்பிட்டார். அவ்வளவுதான். அவர்கள் இருவரும் நடந்து போய், கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். பிறகு அவர்களை நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கிடைத்தது. பேரூர் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் சொன்னது தப்புங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. நீ சொன்ன கணக்கு செரிதான்."

அப்பா வாயால் கணக்கு சரி என்று வருவது லேசில் நடக்கிற காரியமல்ல. அந்தச் சந்தோஷத்தோடு அவர் மடியில் சாய்ந்து தூங்கிப்போனேன். அவர் அன்று என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்குமோ என்று யோசித்திருக்கிறேன். புரிந்திருக்காது. பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன்.

அந்த மாதத் தேர்வில் தமிழுக்கு 'நான் செய்த உதவி' என்று ஒரு கட்டுரை வந்தது. மற்றப் பிள்ளைகள் கண் தெரியாதவருக்குச் சாலையைக் கடக்க உதவிக்கொண்டிருந்தபோது, என்னிடம் நிஜமாகவே ஒன்று இருந்தது. மலையில் எல்லோரும் ஒரு பாட்டியிடம் பொய் சொல்லி ஏமாற்றியதையும், நான் ஒருத்தி மட்டும் உண்மையைச் சொல்லி அவரை இருட்டில் மாட்டாமல் காப்பாற்றியதையும் எழுதினேன். அவ்வளவு சொல்லியும் அந்தப் பாட்டி தாத்தாவிடம் பொய் சொன்னதையும், அது தவறு என்பதையும் கடைசிப் பத்தியில் சேர்த்தேன். பதினைந்துக்குப் பதின்மூன்று. ஓரத்தில் டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்.

விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அப்பா பட்டறையிலிருந்து வந்து, கையில் இருந்த எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். விளக்குக்குக் கீழே நின்றபடியே படித்தார். ஒன்றரைப் பக்கந்தான். அம்மா சாப்பிட வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் தாளைத் திருப்பி, முதல் வரிக்குப் போய் மறுபடியும் படித்தார். பிறகு என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு என் தலையில் கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. கட்டுரை அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.